லிஸ்ட்டு மொக்கம்மா

கரும்புச்சாறு பிழியும் வண்டியின் பின்பக்கம் குனிந்து, மோட்டாரில் திருகியிருந்த சின்னத் தகட்டைப் படித்துக்கொண்டிருந்தார் மொக்கம்மாள். கம்பம் பேருந்து நிலையத்துக்கு எதிரே, காலை பதினொரு மணி வெயில். தகட்டில் எண்ணெய்ப் பிசுக்கு. முந்தானை நுனியால் துடைத்து, மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, குதிரைத்திறன் எவ்வளவு, நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்று உதட்டை அசைத்துப் படித்தார். நிமிர்ந்து கடைக்காரரிடம் கேட்டார்: “அண்ணே, இது வேற என்னத்துக்கெல்லாம் ஆகும்?”

கடைக்காரருக்கு இது முதல் அனுபவம் இல்லை போலும். கரும்பு பிழியத்தான் ஆகும் என்று சொல்லிவிட்டு இஞ்சியை நசுக்கிச் சேர்த்தார். மொக்கம்மாள் ஒப்புக்கொள்ளவில்லை. உருளை கொஞ்சம் கெட்டியாக இருந்தால் தகடு வளைக்கலாம், ஈரத்துணி பிழியலாம், இன்னும் நாலு வேலைக்கு ஆகும் என்று விரல்விட்டுச் சொல்லிவிட்டு, சாற்றை ஒரே மூச்சில் குடித்து, தம்ளரின் அடியையும் ஒருமுறை திருப்பிப் பார்த்தார்.

இந்தக் கேள்வியை அவர் கேட்காத இடம் கம்பம் பள்ளத்தாக்கில் குறைவு. கல்யாண மண்டபத்தில் நூறு இட்லி வேகும் நீராவிப் பெட்டியிடம் கேட்பார். கோயிலில் தானாக மேளமும் மணியும் அடிக்கும் மின் இயந்திரத்திடம் கேட்பார். ஒருமுறை பல் மருத்துவரின் நாற்காலியில் வாயைத் திறந்துகொண்டு படுத்திருந்தவர், கையைக் காட்டி மருத்துவரை நிறுத்தி, அந்தத் துளையிடும் கருவி நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றும் என்று விசாரித்திருக்கிறார். மருத்துவர் தேடிப் பார்த்துச் சொல்லும்வரை மரத்துப்போன வாயோடு காத்திருந்தாராம்.

இது பாதி குணம், பாதி உத்தியோகம். சில பொருள்களுக்கு இரண்டு வாழ்க்கை இருக்கிறது. பால் பண்ணையில் ஓடும் ஒரு பம்பு, வேறொருவர் கையில் விஷம் காய்ச்சவும் உதவும். தோட்டத்தில் மருந்தடிக்கிற ஒரு பொருளை யாரோ ஒருவர் ஊர்மேல் அடிக்கவும் நினைக்கலாம். இப்படி இரண்டு பக்கமும் சாயக்கூடிய பொருள்களை அரசாங்கம் ஒரு நீளமான பட்டியலில் எழுதி வைத்திருக்கிறது. அதில் இருப்பதைக் கடல் தாண்டி அனுப்ப வேண்டுமானால் டெல்லியில் உரிமம் வாங்க வேண்டும். பெரிய நிறுவனங்களில் இதைப் பார்க்கத் தனி ஆட்கள் இருக்கிறார்கள். பட்டறைக்காரர்களுக்கு யாரும் இல்லை. அவர்களுக்காக அரசு ஓர் உதவிச் சேவையை ஒப்பந்தத்துக்கு விட்டது. சென்னை நிறுவனம் ஒன்று அந்த ஒப்பந்தத்தை எடுத்தது. தேனி மாவட்டத்துக்கு அந்த நிறுவனம் நியமித்திருக்கும் ஒரே ஆள் மொக்கம்மாள்.

நாற்பத்துநாலு வயது. சின்னமனூர்க்காரர். பாலிடெக்னிக்கில் இயந்திரவியல் படித்துவிட்டு கோயம்புத்தூரில் பம்பு தயாரிக்கும் தொழிற்சாலையில் பதினாறு வருடம் தரம் பார்க்கிற வேலை செய்தவர். ஒரு நட்டு சரியாக மரையேறவில்லை என்றால் விரல் நுனியிலேயே அவருக்குத் தெரிந்துவிடும். இப்போது தேனியில் ஓர் அரசுக் கட்டடத்தின் மாடிப்படி முடியும் இடத்தில், பலகைத் தடுப்புக்குள் ஒரு மேசை, இரண்டு நாற்காலி, ஒரு மின்விசிறி. வெளியே ‘ஏற்றுமதிக் கட்டுப்பாட்டு உதவி மையம்’ என்று எழுதியிருக்கிறது. வருகிறவர்கள் அதில் ‘உதவி’ என்ற ஒரு சொல்லை மட்டும் படிக்கிறார்கள். முதியோர் உதவித்தொகை, பட்டா மாறுதல், ரேஷன் அட்டையில் விட்டுப்போன மருமகள் பெயர் என்று மனுக்களோடு வந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். மொக்கம்மாள் யாரையும் போகச் சொல்வதில்லை. எந்தக் கட்டடம், எந்த அறை, எந்தக் கிழமை போனால் ஆள் இருப்பார் என்று ஒரு துண்டுத்தாளில் எழுதிக் கொடுத்து அனுப்புகிறார்.

“நா கவர்மெண்டு ஆளும் இல்ல, கம்பெனி ஆளும் இல்ல. ரெண்டுக்கும் நடுவுல கெடக்குற கதவுக்குக் கீல் மாதிரி,” என்கிறார். கீலைப் பற்றி அவருக்கு நல்ல அபிப்பிராயம் இருக்கிறது.

பெயர் விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும். இந்தப் பக்கம் அது குலசாமி பெயர். சென்னை அலுவலகத்தில் இளம் பொறியாளர்கள் முதல் நாள் அந்தப் பெயரைக் கேட்டுச் சிரிப்பை அடக்க முடியாமல் தவித்தார்களாம். மொக்கம்மாளே அவர்களுக்குச் சிரிக்க அனுமதி கொடுத்தார். “எங்க ஊர்ல சாமி பேரு, உங்க ஊர்ல கேலிப் பேரு. எதுக்குச் சிரிச்சாலும் நாந்தான் திரும்பிப் பாக்கணும்.” சுருக்கிக்கொள்ளலாமே என்று ஒருவர் யோசனை சொன்னபோது, எழுத்துக்கு எழுத்து சரியாக இருந்தால்தான் கடவுச்சீட்டே கிடைக்கும், பெயரைச் சுருக்குகிறவள் எப்படி மற்றவர்களின் பில்லைச் சரிபார்ப்பது என்று கேட்டிருக்கிறார். பட்டறைகளில் அவருக்கு வேறு பெயர். ‘லிஸ்ட்டு மொக்கம்மா’.

கணவர் கர்ணன் ஜீப் ஓட்டுகிறார். விடியற்காலையில் கம்பத்திலிருந்து கேரளத்து ஏலத் தோட்டங்களுக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு மலையேறி, மாலையில் இறக்கி வருகிற வேலை. மலையாளமும் தமிழும் கலந்து பேசுகிற மனிதர். போகும்போதும் வரும்போதும் சோதனைச் சாவடியில் வண்டியைப் பார்க்கிறார்கள். “அங்கன வண்டியச் செக் பண்றாக. வீட்டுக்கு வந்தா இவ டிபன் பாக்ஸைச் செக் பண்றா, மிச்சம் வச்சேனாண்டு,” என்று என்னிடம் குறைபட்டுக்கொண்டார். குறை சொல்லும்போது முகமெல்லாம் சிரிப்பு.

பட்டறைக்காரர் ராஜபாண்டியின் இயந்திரங்களைப் பற்றி நான் கேள்விப்பட்டுத்தான் மொக்கம்மாளைப் பார்க்கப் போனேன். அவர் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். ஆனால் கம்பத்தில் அதை வேறு மாதிரிச் சொல்கிறார்கள். இரண்டையும் சேர்த்து எழுதுகிறேன்.

ராஜபாண்டி சுருளிப்பட்டித் திராட்சைக் குடும்பத்தில் பிறந்தவர். குளிர்பதனக் கிடங்கில் மெக்கானிக்காக இருந்து தொழில் கற்றுக்கொண்டு, அனுமந்தன்பட்டிக்கு இந்தப் பக்கம் சாலையோரத்தில் பட்டறை போட்டார். அவர் செய்வது பழத்தை உறையவைத்துக் காயவைக்கும் இயந்திரம். பழத்தைக் கல்லாக உறையவைத்து, பெட்டிக்குள் இருக்கும் காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டால், பழத்தில் உள்ள பனி உருகாமலே ஆவியாகிப் போய்விடுகிறது. பன்னீர்த் திராட்சை அதே நிறத்தோடும் அதே உருண்டையோடும் பஞ்சு போல ஆகிவிடும். வாயில் போட்டால் மீண்டும் திராட்சை. பட்டறையில் பதினாலு பேர் வேலை பார்க்கிறார்கள். அதில் ஆறு பேர் கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு வெல்டிங் அடிக்கும் பெண்கள்.

போன வருடம் அவருக்கு முதல் வெளிநாட்டு ஆர்டர் வந்தது. மேற்கு ஆப்பிரிக்காவில் மாம்பழம் காயவைக்கும் ஒரு கூட்டுறவுச் சங்கத்துக்கு ஆறு இயந்திரங்கள். இடையில் வளைகுடா நகரம் ஒன்றிலிருந்து ஒரு தரகர். பட்டறைக்கு இது கிடைத்தால் அடுத்த இரண்டு வருடம் வேலைக்குப் பஞ்சமில்லை. கிடைக்காவிட்டால் பாதிப்பேரை வேறு வேலை தேடச் சொல்ல வேண்டியிருக்கும். ராஜபாண்டி ஆர்டரை வாங்கிய சந்தோஷத்தில், இயந்திரங்கள் புறப்படும் தேதியைப் போட்டு ஒரு பிளெக்ஸ் பேனரே அடித்துவிட்டார்.

‘இந்த இயந்திரம் பட்டியலில் இல்லை’ என்று ஒரு குறிப்பு வேண்டும் என்று துறைமுகத்து ஏஜெண்டு சொன்னதால், ராஜபாண்டி கோப்பைத் தூக்கிக்கொண்டு தேனிக்கு வந்தார். பத்து நிமிட வேலை என்று நினைத்து வண்டியைக்கூடப் பூட்டாமல் மாடியேறியிருக்கிறார்.

மொக்கம்மாள் ஒவ்வொரு வரைபடமாகப் புரட்டினார். ஐந்து இயந்திரங்களின் வரைபடம் அச்சு அசலாக ஒன்று. ஆறாவதில் மட்டும் பெட்டியின் பக்கவாட்டில் ஒரு சின்ன வட்டம் கூடுதலாக இருந்தது. அந்த வட்டத்தின்மேல் விரலை வைத்து, இந்தக் குழாய் எங்கே போகிறது என்று கேட்டார். அது ஸ்டீம் லைன் என்றார் ராஜபாண்டி. உள்ளே கழுவிச் சுத்தம் பண்ணுவதற்காக ஒரு மிஷினில் மட்டும் கேட்டிருக்கிறார்கள் என்றார். மொக்கம்மாள் கோப்பை மூடவில்லை. அதை அப்படியே விரித்து வைத்துவிட்டு, ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு, பட்டறைக்குப் போகலாம் என்று எழுந்தார்.

பட்டறையில் ஆறாவது இயந்திரத்துக்குள் தலையை விட்டுப் பார்த்தார். மற்றவற்றின் கதவு ஒரு விரற்கடையில் பாதி கனம் என்றால், இதன் கதவு முழு விரற்கடை. சுற்றிலும் அழுத்தம் தாங்கும் ரப்பர். மாம்பழம் காயவைக்கிற பெட்டியை வெந்நீரும் சோப்பும் போட்டுக் கழுவுவார்கள். அதற்கு இவ்வளவு கனத்தில் கதவு எதற்கு? கதவைத் திறக்காமலே, உள்ளே இருக்கும் அத்தனை கிருமியையும் கொதிநீராவியால் கொன்றுவிட்டு மறுபடி ஓட்டலாம் என்ற ஏற்பாடு அது. மருந்து செய்கிறவர்களுக்கு அது வேண்டும். கிருமியையே பயிர் செய்து பொடியாக்குகிறவர்களுக்கும் அது வேண்டும். அதனால்தான் அந்த வகை இயந்திரம் ஓர் அளவுக்குமேல் இருந்தால் பட்டியலில் வருகிறது.

ஐந்து இயந்திரங்களுக்கு ஒரு தடையும் இல்லை என்று மொக்கம்மாள் சொன்னார். ஆறாவதுக்கு உரிமம் வேண்டும். அதற்கு, இதை வாங்கி ஓட்டப்போகிறவர் யார், எங்கே வைத்து, எதற்கு ஓட்டுவார் என்று அந்தச் சங்கமே கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். பெரிய விஷயமில்லை, ஒரு பக்கக் கடிதம்.

ராஜபாண்டி தரகருக்கு எழுதினார். ஒரு வாரம் பதில் இல்லை. அப்புறம் வந்த பதிலில் கடிதம் இல்லை. இது வெறும் பழ இயந்திரம், எந்தக் கடிதமும் வேண்டியதில்லை, அனுப்பினால் ஆறையும் சேர்த்து அனுப்புங்கள், இல்லையென்றால் ஒன்றும் வேண்டாம் என்று இரண்டே வரி.

பேனரில் அடித்திருந்த தேதி வந்தது, போனது. பேனரை மழைக்குத் தகடுகள் மேல் போர்த்திவிட்டார்கள். பதினாலு பேரும் வேலையில்லாமல் பட்டறையைக் கூட்டிப் பெருக்கிக்கொண்டிருந்தார்கள்.

இதே சமயம் சென்னையிலிருந்து மேலாளர் சுரேஷ்கண்ணன் தினமும் பேசினார். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் காலம் அது. மாவட்டவாரியாக எத்தனை கோப்பு வந்தது, எத்தனை முடிந்தது என்று அரசுக்குக் கணக்குக் காட்ட வேண்டும். தேனியில் எல்லாம் முடிந்துவிட்டது, ஒரே ஒரு வரி மட்டும் ‘நிலுவை’ என்று சிவப்பில் நிற்கிறது. ஐந்துக்குக் கொடுக்கிற குறிப்பை ஆறுக்கும் சேர்த்துக் கொடுத்துவிட்டால் என்ன மேடம், பழ மிஷின்தானே என்றார். கெட்ட மனிதர் இல்லை. அவருக்கும் நாற்பது பேர் சம்பளம் அந்த ஒப்பந்தத்தில்தான். மொக்கம்மாள் அந்த வரி சிவப்பாகவே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு, போனை வைத்தபின் தன் வேலை உத்தரவை எடுத்து, எத்தனை நாள் முன்னறிவிப்பில் நிறுத்தலாம் என்று படித்துப் பார்த்திருக்கிறார். முப்பது நாள்.

மறுநாள் ராஜபாண்டி நேரில் வந்தார். உட்காரவில்லை. அவர் சத்தம் போட்டிருந்தால் மொக்கம்மாள் தாங்கியிருப்பார். அவர் மெதுவாகத்தான் கேட்டார்.

“அக்கா, நீங்க கவர்மெண்டும் இல்ல. எங்காளும் இல்ல. பின்ன யாருக்கா நீங்க, எம் பட்டறைய நிறுத்த?”

நான் நிறுத்தவில்லை தம்பி, கேள்விதான் கேட்டேன் என்று மொக்கம்மாள் சொல்ல நினைத்து, அது சால்ஜாப்பு மாதிரி இருக்கும் என்று விட்டுவிட்டாராம். ராஜபாண்டி கோப்பை மேசையில் வைத்துவிட்டுப் படியிறங்கிப் போனார்.

அன்றைக்குச் சாயங்காலம் மொக்கம்மாள் சமைக்கவில்லை. கர்ணன்தான் உப்புமா கிண்டினார். எதுக்கு அந்தக் குழாய்க்கு இத்தனை கவலை, உனக்கு அதில் என்ன கெட்டது தெரிந்தது என்று கேட்டிருக்கிறார். மொக்கம்மாள் சொன்ன பதிலை இருவருமே எனக்குத் தனித்தனியாக, ஒரே வார்த்தைகளில் சொன்னார்கள்.

“கெட்டது தெரிஞ்சா போலீசு போதும். ஒண்ணும் தெரியலங்கிறதுக்குத்தான் நா இருக்கேன்.”

கர்ணன் மலைமேல் தான் செய்கிற ஒன்றைச் சொன்னார். ஏலத் தோட்டத்துக் கங்காணி கூலியாட்கள் இருபது பேர் என்பார், ஜீப்புக்குப் பக்கத்தில் போனால் பதினாறு பேர் நிற்பார்கள். அதனால்தான் கங்காணியிடம் கேட்பதை விட்டுவிட்டேன், ஏறுகிற பெண்களையே கேட்டுவிடுகிறேன் என்றார். மொக்கம்மாள் உப்புமாவைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துபோய்க் கோப்பை எடுத்தார்.

தரகர் அனுப்பிய தாள்களில் மாம்பழச் சங்கத்தின் படம் ஒன்று இருந்தது. தகரக் கொட்டகை, முன்னால் கூடைகளோடு பத்துப் பெண்கள், சுவரில் பெயிண்டால் எழுதிய ஏதோ எழுத்து. ராஜபாண்டி பேனரில் போட்ட அதே படம். அவர் பட்டறையில் எல்லாரும் நூறு முறை பார்த்த படம். மொக்கம்மாள் அதைப் பெரிதாக்கினார். சுவர் எழுத்தின் அடியில், ஒரு பெண்ணின் தோளுக்குப் பின்னால் பாதி மறைந்து, தொலைபேசி எண் இருந்தது. கடைசி இரண்டு இலக்கங்கள் தோளுக்குப் பின்னால் போய்விட்டன.

மறைந்த இரண்டு இலக்கம் என்றால் நூறு எண்கள். ஞாயிற்றுக்கிழமை காலை, சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, பூஜ்யம் பூஜ்யத்திலிருந்து ஒவ்வொன்றாக வாட்ஸப்பில் போட்டுப் பார்த்தார். முகப்புப் படங்கள் வந்தன. கால்பந்து வீரர், ஒரு குழந்தை, ஒரு மோட்டார் சைக்கிள், பல எண்களில் யாருமே இல்லை. அறுபத்துமூன்றாவது எண்ணில் ஒரு கூடை மாம்பழம் வந்தது.

வீடியோ அழைப்பை எடுத்தவர் ஒரு நடுவயதுப் பெண். பெயர் அமினாத்தா. அவர் பேசியது பிரெஞ்சு. மொக்கம்மாளுக்குத் தமிழும், தகடு படிக்கிற ஆங்கிலமும்தான். கர்ணன் போனில் மொழிபெயர்க்கும் செயலியை ஓட்டிக் காட்டினார். அது கொஞ்சம் சரியாகவும் கொஞ்சம் தப்பாகவும் சொன்னது. மொக்கம்மாள் கொல்லையிலிருந்து ஒரு சீப்பு வாழைப்பழத்தை எடுத்து வந்து காட்டினார். அமினாத்தா தன் பக்கத்தில் இருந்த மாம்பழத்தைத் தூக்கிக் காட்டினார். அவர் பின்னால் நின்ற பெண்கள் வாழைப்பழத்தைப் பார்க்க நெருக்கியடித்தார்கள். அதற்கப்புறம் பேச்சு எளிதாகிவிட்டது.

இயந்திரம் கேட்டிருக்கிறீர்களா என்று மொக்கம்மாள் கேட்டார். ஆமாம், எட்டு மாதமாகக் காத்திருக்கிறோம், இந்தியாவில் தாமதம் செய்கிறார்கள் என்று தரகர் சொல்கிறார், ஒரு மாம்பழப் பருவமே வீணாகிவிட்டது என்றார் அமினாத்தா. எப்படிக் கழுவுவீர்கள் என்று கேட்டார். வாளியும் தேய்க்கிற நாரும் திரையில் வந்தன. நீராவி கேட்டீர்களா என்று செயலியில் இரண்டு முறை மாற்றிப் போட்டுக் கேட்டும் அவர்களுக்கு அது புரியவில்லை. அப்படி ஒன்றை அவர்கள் கேள்விப்பட்டதே இல்லை.

கடைசியாக, எத்தனை இயந்திரம் என்று கேட்டார். அமினாத்தா வாயால் சொல்லாமல் கையை உயர்த்தினார். ஐந்து விரல்கள்.

மொக்கம்மாள் செயலியை மூடிவிட்டு, தன் கையை விரித்துக் காட்டி, மறு கையின் ஒரு விரலையும் சேர்த்துக் காட்டினார். அமினாத்தா தலையை ஆட்டி மறுத்தார். அந்த ஒற்றை விரலைக் காட்டிக் கையை உதறினார். அது எங்களுடையது இல்லை.

“அப்ப எனக்குக் கண்ணு கலங்கிருச்சு. அந்தம்மாவும் எதுக்குண்டே தெரியாம கூடக் கண்ணத் தொடைக்குறாக,” என்று மொக்கம்மாள் சிரித்துக்கொண்டே சொன்னார்.

நடந்ததை ஒரு பக்கத்துக்குள் எழுதி, படங்களையும் தரகரின் தாள்களையும் இணைத்து, முறைப்படி துறைக்கு அனுப்பினார். இரண்டு அதிகாரிகள் காரில் வந்து, ஆறாவது இயந்திரத்தின் கதவை அளந்து, ராஜபாண்டியிடம் இருந்த மெயில்களை எல்லாம் வாங்கிப் போனார்கள். அதற்குள் தரகரின் எண் அணைந்துவிட்டது. அந்த ஆறாவது பெட்டி யாருக்காகப் போக இருந்தது, அவர்கள் அதில் எதைக் காயவைக்க இருந்தார்கள் என்று பள்ளத்தாக்கில் யாருக்கும் இன்றுவரை தெரியாது. ஒருவேளை ஏதோ மருந்துக் கம்பெனி உரிமத்துக்குச் சோம்பி இப்படிச் செய்திருக்கலாம் என்கிறார் மொக்கம்மாள். ஆளைத் தெரியாமல் அவர் யாரையும் திட்டுவதில்லை.

அமினாத்தாவின் சங்கம் நேரடியாக ஆர்டர் அனுப்பியது. முத்திரையோடு ஒரு பக்கக் கடிதம், யார், எங்கே, எதற்கு என்று மூன்று கேள்விக்கும் பதிலோடு. ராஜபாண்டி அந்தக் கடிதத்தைப் படித்த அன்றே தேனிக்கு வந்தார். இந்த முறையும் உட்காரவில்லை. ஒரு பெரிய பெட்டி நிறையப் பன்னீர்த் திராட்சையை மேசைமேல் வைத்துவிட்டு நின்றார். ஒப்பந்தப்படி உதவி கேட்டு வருகிறவர்களிடம் ஒரு பழம்கூட வாங்கக்கூடாது. மொக்கம்மாள் அந்த விதி எத்தனையாவது பக்கத்தில் இருக்கிறது என்று சொல்லி, பெட்டியை வெளியே கொண்டுபோய் வராந்தாவில் வைக்கச் சொன்னார். உதவித்தொகை மனுவோடு காத்திருந்தவர்கள் பத்து நிமிடத்தில் பெட்டியைக் காலிசெய்தார்கள். அந்தக் கூட்டத்துக்கு நடுவில், ராஜபாண்டியே திராட்சைக் கொத்துகளைப் பிரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். யாரோ ஒரு பாட்டையா அவரை அலுவலக ஆள் என்று நினைத்து, தன் மனு எங்கே நிற்கிறது என்று விசாரித்தாராம். ராஜபாண்டி உள்ளே போய்க் கேட்டு, துண்டுத்தாளில் எழுதி வாங்கி வந்து கொடுத்திருக்கிறார்.

ஒப்பந்தம் புதுப்பிக்கும் கூட்டத்தில் சுரேஷ்கண்ணன்தான் அந்தச் சிவப்பு வரியைத் திரையில் போட்டுக் காட்டினார். மறைக்கப் பார்க்கவில்லை. அந்த ஒற்றை வரிக்கே அரை மணிநேரம் போயிற்று. மேலும் இரண்டு வருடத்துக்கு ஒப்பந்தம் நீட்டிக்கப்பட்டது. புதிய மாத அறிக்கைப் படிவத்தில் ‘முடிந்தவை’ என்ற கட்டத்துக்குப் பக்கத்தில் ‘கேட்ட கேள்விகள்’ என்று இன்னொரு கட்டம் சேர்ந்திருக்கிறது. மொக்கம்மாளுக்கு அந்தக் கட்டம் போதவில்லை. தனித்தாள் இணைக்கிறார்.

சுரேஷ்கண்ணன் அதற்கப்புறம் ஒருமுறை தேனிக்கு வந்திருந்தார். சாப்பிடக் கூட்டிப்போன இடத்தில், மொக்கம்மாள் அவரிடமே பரோட்டாக் கல்லுக்கு அடியில் எரியும் அடுப்பைக் காட்டி ஏதோ கேட்டிருக்கிறார். அவர் சென்னை போய்ச் சேர்ந்து, அதற்கு நாலு பயன்கள் கண்டுபிடித்துச் செய்தி அனுப்பினாராம். வியாதி பரவுகிறது.

இயந்திரங்கள் புறப்பட்ட அன்றைக்கு நானும் பட்டறையில் இருந்தேன். ஐந்து மரப்பெட்டிகள். ஒவ்வொன்றையும் கண்டெய்னருக்குள் தள்ளும்போது வெல்டிங் பெண்கள் கை தட்டினார்கள். நீராவிக் குழாயைக் கழற்றி, துளையை அடைத்த ஆறாவது இயந்திரம் உள்ளே ஓடிக்கொண்டிருந்தது. அக்கம்பக்கத்துத் தோட்டக்காரர்கள் திராட்சையைக் கூடையில் கொண்டுவந்து வரிசை போட்டிருந்தார்கள். மொக்கம்மாள் பெட்டிகளின் எண்களைத் தாளோடு ஒத்துப்பார்த்து முடித்தார். கண்டெய்னர் கதவில் போட்ட முத்திரைப் பூட்டைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். லாரி ஓட்டுநர் அம்மாவாசி, தூத்துக்குடி துறைமுகம் வரை அதை யாரும் தொடமாட்டார்கள் என்று அவருக்கு ஆறுதல் சொன்னார்.

சக்கரங்களுக்கு எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. ராஜபாண்டி லாரியின் இடப்பக்கக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார்.

“அக்கா, ஏறுங்க. சின்னமனூர் வரைக்குமாச்சும் கூடப் போங்க. ஒங்க வண்டிய நா கொண்டாந்து விடுறேன்.”

மொக்கம்மாள் ஏதாவது விதி சொல்லுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் ஒப்பந்தத்தை மனத்துக்குள் ஒருமுறை புரட்டிப் பார்ப்பது போல நின்றார். பிறகு செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, சேலையைச் சற்றுத் தூக்கிச் செருகி, ஒரே எட்டில் ஏறி உட்கார்ந்தார். வெல்டிங் பெண்கள் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் கையசைத்தார்கள். எலுமிச்சைகள் நசுங்கின. லாரி வாசலைத் தாண்டிச் சாலையில் திரும்பும்போது அம்மாவாசி ஏதோ சொல்லி, மேலே தொங்கிய ஹாரன் கயிற்றைக் காட்டினார். மொக்கம்மாள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தார். இரண்டு கையாலும் அந்தக் கயிற்றைப் பிடித்து இழுத்தார். லாரி வாழைத்தோப்பைச் சுற்றி மறைந்த பிறகும் அதை விடவில்லை.